கயிற்றுக்கு மேலா, கீழா

இரண்டு மூங்கில். அவற்றின் உச்சியில் இழுத்துக் கட்டிய ஒரு தேங்காய் நார்க் கயிறு. வற்றிய அரியலூர் ஏரியில் கால்பந்து கோல் என்பது இவ்வளவுதான். வலை கிடையாது. கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் தொய்யும். காற்றடித்தால் ஆடும். செல்லமுத்து தம் ஆயுளில் அதிகமாக யோசித்தது இந்தக் கயிற்றைப் பற்றித்தான்.

கடைசியாகப் படுத்த படுக்கையிலும் கேட்டார். "கயிறு ஆடுற நேரத்துல பந்து பட்டா, மேல போவுமா கீழ போவுமா?" பக்கத்தில் இருந்த மகள் பாலம் கட்டும் வேலை படித்தவள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றாள். போட்டு முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அவர் ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இட்டு இடிப்பது, தளர்ந்த ஆப்பை அடித்து இறுக்குவது. வேலையை விடக் கேள்வி அதிகம். வெயிலில் இரும்பு நீளுகிறதென்றால் அந்த நீளம் ராத்திரியில் எங்கே போகிறது? ரயில் கண்ணுக்குத் தெரியும் முன்பே தண்டவாளம் ஏன் முனகுகிறது? மேஸ்திரி ராசாங்கம் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏண்டா, உன்னைய வேலைக்குச் சேத்தாங்களா, விசாரணைக்குச் சேத்தாங்களா?"

1946-ஆம் வருஷம். மாசி பிறந்ததும் ஏரி வற்றித் தரை களம் மாதிரி இறுகியது. திருச்சியில் படித்துவிட்டு ஊர் திரும்பிய அமிர்தலிங்கம் ஐந்து ஊரைச் சேர்த்து ஒரு கால்பந்து லீக் ஆரம்பித்தார். அரியலூர், பெரம்பலூர், உடையார்பாளையம், கீழப்பழுவூர், ஏலாக்குறிச்சி. ஒவ்வொரு ஊரும் மற்ற நான்கு ஊரோடும் ஒரு தடவை ஆட வேண்டும். ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமமானால் ஒன்று. யாருக்கும் சம்பளம் இல்லை, படி இல்லை. வெறுங்கால் ஆட்டம். அமிர்தலிங்கத்தின் மாமா, ஆண்டவர் என்று பெயர், நிலபுலன் உள்ளவர், ஏரிக்கரை அம்மன் கோயிலின் தர்மகர்த்தா. அவர் ஒரு வெள்ளி முலாம் கப்பு வாங்கிக் கொடுத்தார். தாம் கொடுத்த கப்பு தம் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. முந்தைய வருஷம் சும்மா ஆடிய ஓர் ஆட்டத்தில், பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்று வாய்ச்சண்டை வந்து, அது கம்புச் சண்டையாகி, இரண்டு மண்டை உடைந்திருந்தது. கயிற்றுக்குப் பதில் குறுக்கே ஒரு மூங்கிலை வைத்தால் சண்டையே இல்லை. வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் அது யாருடைய கல்யாணப் பந்தலிலோ இருந்தது.

ஸ்டேஷன் எதிரே காபிக் கடையில் கூட்டம். எல்லா ஆட்டத்துக்கும் நடுவராக இருக்க ஒப்புக்கொண்டவர் ஏலாக்குறிச்சி சவரிமுத்து வாத்தியார்.

"ஆட்டத்துல நடுவர் சொல்றதுதாங்க முடிவு. எல்லா ஊர்லயும் அப்படித்தான்" என்றார்.

"வாத்தியாரே, நீங்க சொன்னா உங்களையே அடிப்பானுவ" என்றார் ஆண்டவர். "அம்மா முன்னால சொன்னா எவன் அடிப்பான்?"

அப்படித்தான் அந்தச் சட்டம் வந்தது. கோலா இல்லையா என்று தகராறு வந்தால், கோலில் நின்றவன் அந்த ஊர் அம்மன் சந்நிதியில் சூடம் ஏற்றி, உள்ளதைச் சொல்லி, உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். அவன் வாக்கே முடிவு. ஏலாக்குறிச்சியில் ஆட்டமென்றால் மாதா முன்னால் மெழுகுவத்தி. எல்லோருக்கும் திருப்தி. பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்று ஐந்து ஊருக்கும் தெரியும்.

ஒன்றை மட்டும் அந்தக் கூட்டம் யோசிக்கவில்லை. கோலில் நிற்பவன் கோயிலுக்குள் போகக்கூடியவனாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டது.

அரியலூருக்குக் கோலில் நின்றவர் ஆண்டவரின் தம்பி மகன் வைத்திலிங்கம். வேலை முடிந்து வரும் செல்லமுத்து அவருக்குப் பின்னால், கருவேல முள்ளோரம் நிற்பார். வலை இல்லாததால் தவறிய பந்தெல்லாம் முள்ளுக்குள் போகும். எடுத்துப் போடுவதற்கு ஆள் வேண்டும். செல்லமுத்துவை யாரும் அழைக்கவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. அவர் பந்தைப் பார்க்க வந்தவர். நேராக வரும் பந்து கடைசியில் ஏன் வளைகிறது? கையில் எடுக்கும்போதெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தோலின் வாயை இழுத்து வார் கட்டிய பக்கம் கனமாக இருந்தது. அதுதான் காரணமா? கேட்க ஆள் இல்லை.

கீழப்பழுவூருடன் முதல் ஆட்டம். பாதியில் வைத்திலிங்கத்தின் கட்டைவிரல் பிசகிவிட்டது. வலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே எதிராளி அடித்த பந்து ஒன்று கோலுக்கு வெளியே முள்ளை நோக்கிப் பறந்தது. செல்லமுத்து நின்ற இடத்திலேயே இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்தார். நாள் முழுக்க ஜல்லிக் கூடை கைமாறி வாங்கும் ஆள். கூடை தவறினால் கால் போகும்.

அமிர்தலிங்கம் பார்த்தார்.

"செல்லமுத்து, உள்ள வா."

"உள்ளன்னா எங்கங்க?"

"கோலுக்குள்ளதான். வேறெங்க?"

துணிக்கடைச் சாமிதுரை பின்காவல் ஆட்டக்காரர். அவர் முகம் சுருங்கியது. "மேல படுமே அமிர்தம். அவன்கூட எப்படி ஆடறது?"

"மாட்டுத்தோல மணிக்கணக்கா நெத்தியில முட்டுற. அவன் பட்டா மட்டும் உனக்குத் தலவலி வந்துருமா? ஓடு."

அன்று அவரைத் தாண்டி ஒரு கோலும் விழவில்லை. அரியலூர் ஜெயித்தது. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஆண்டவர். எழுந்திருக்கும்போது மருமகனிடம் சொன்னார்:

"ஜெயிக்கிற வரைக்கும் நிக்கட்டும். தோத்த அன்னையோட சரி."

செல்லமுத்துவின் காதிலும் அது விழுந்தது. அன்றிலிருந்து அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பயம். அந்த இரண்டு மூங்கிலுக்கு நடுவே நிற்கும் இடம் போய்விடக் கூடாது. அங்கே நின்றால்தான் பந்து முகத்துக்கு நேரே வரும். பின்னாலிருந்து பார்ப்பது வேறு, எதிரே பார்ப்பது வேறு. எதிரே பார்த்தபோது, அவர் கேட்டிருந்த கேள்விகள் எல்லாம் தப்புக் கேள்விகள் என்று தெரிந்தது. பந்தைப் பார்க்கக் கூடாது. அடிப்பவனின் ஊன்றிய காலைப் பார்க்க வேண்டும். இதை அவர் வீட்டில் சொன்னார். அவர் மனைவி ஆண்டாயிக்கு அப்போது ஏழாம் மாதம்.

"ஊனுன கால்ல என்ன இருக்கு?"

"பெருவெரலு எங்க பாக்குதோ, பந்து அங்க வரும்."

"என் பெருவெரல பாரு. அடுப்பு பக்கம் பாக்குது. அரிசி வந்துச்சா?"

இடைவேளையில் மற்றவர்கள் செம்பில் தண்ணீர் குடித்தார்கள். அவர் குனிந்து கை ஏந்தினார். தள்ளி நின்று ஊற்றினார்கள். ஆட்டத்தில் கோலுக்கு முன்னால் எல்லோரும் அவர் மேல் விழுந்து புரண்டார்கள். விசில் ஊதியதும் பழைய தூரம் திரும்பிவிடும். அந்தத் தூரம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று பார்ப்பதும் அவருக்கு ஒரு வேடிக்கை. சுண்ணாம்புக் கோட்டிலேதான் ஆரம்பித்தது.

ஏலாக்குறிச்சியோடு சமம். பெரம்பலூரை அவர்கள் ஊரிலேயே போய் ஜெயித்தார்கள். பஸ்ஸில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு பின்படியோரம் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் சவரிமுத்து வாத்தியாரை விடவில்லை.

"ஆப்சைடுன்னா என்னங்க சார்?"

வாத்தியார் விரலால் காற்றில் படம் போட்டார். செல்லமுத்து அந்த விரலையே பார்த்தார்.

"சிக்னல் எறங்கறதுக்கு முன்னால எஞ்சின் தாண்டிரக் கூடாது. அந்த மாதிரிங்களா?"

"அந்த மாதிரி இல்ல. ஆனா அப்படியே வச்சிக்க. இத்தன பேர்ல நீ ஒருத்தன்தான் கேட்ட."

கடைசி ஆட்டம் பங்குனியில், சொந்த ஏரியில், உடையார்பாளையத்தோடு. சமமானால் போதும், கப்பு அரியலூருக்கு. தோற்றால் உடையார்பாளையத்துக்கு. ஆண்டவர் கப்புக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டு முக்காலி மேல் நிறுத்தியிருந்தார். கரை முழுக்க ஜனம். பெண்கள் ஒரு பக்கம்; வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆண்டாயியும் இருந்தாள்.

உடையார்பாளையத்தில் கொளஞ்சியப்பன் என்று ஒருவர். முந்திரித் தோப்புக்காரர், நெட்டை ஆள், உலக்கை மாதிரி வலது கால். ஆட்டம் முழுக்க அவருக்கும் செல்லமுத்துவுக்கும்தான் போட்டி. அடித்ததையெல்லாம் இவர் பிடித்தார்; இரண்டு பக்கமும் கோல் விழவில்லை.

"யோவ், கையில பிசின் தடவியிருக்கியா?" என்றார் கொளஞ்சியப்பன்.

"வெறும் கைதாங்க. மோந்து பாருங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் மேற்கேயிருந்து ஒரு சூறைக்காற்று எழும்பியது. வறண்ட ஏரியின் புழுதி முழுவதும் ஒரே தூணாக நின்றது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து பந்து வந்தது. கொளஞ்சியப்பனின் ஊன்றிய கால் தெரியவில்லை. செல்லமுத்து கண்ணை இடுக்கிக்கொண்டு எம்பினார். நடுவிரலில் பந்து பட்டது. அதே நேரத்தில் கயிறும் பட்டது. கயிறு துள்ளியது. கீழே விழுந்து திரும்பிப் பார்த்தபோது பந்து முள்ளுக்குள் கிடந்தது.

"கோல்!" என்றது ஒரு கரை.

"மேல போச்சு!" என்றது மறு கரை.

இரண்டு பக்கமும் பார்த்தேன் என்று சொன்னது. ஒரு பக்கமும் பார்த்திருக்க முடியாது. சவரிமுத்து வாத்தியார் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கண்ணுல மண்ணு. நான் பாக்கலங்க" என்றார். அவர் உண்மையைச் சொன்னதும் கம்புகள் கைக்கு வந்தன.

அப்போதுதான் யாரோ சட்டத்தை ஞாபகப்படுத்தினார்கள். சூடம்!

கூட்டம் அப்படியே கரையேறிக் கோயில் வாசலுக்குப் போனது. செல்லமுத்து நடுவே நடந்தார். அவர் கவனம் கூட்டத்தில் இல்லை. நடுவிரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். நார் கீறிய இடம் விரலின் அடிப்பக்கம் இருந்தால், கை கயிற்றுக்கு மேலே போயிருக்கிறது, பந்தும் மேலே. நகத்துப் பக்கம் இருந்தால் கீழே. இரண்டு பக்கமும் கீறியிருந்தது.

பெண்களைக் கடக்கும்போது ஆண்டாயியின் குரல் கேட்டது. "இந்தா, தெரிஞ்சதச் சொல்லு. தெரியாதத சொல்லிப்புடாத. வயித்துல புள்ள கெடக்கு."

வாசலில் பூசாரி அமாவாசை கையை நீட்டி மறித்தார். கூட்டம் நின்றது. பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. செல்லமுத்துவின் தெருக்காரர்கள் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை.

"இங்கேயே, படியில சூடம் வச்சிக்கலாம்" என்றார் ஆண்டவர்.

"சந்நிதியிலன்னு நீங்கதான சட்டம் போட்டீங்க?" என்றார் கொளஞ்சியப்பன். "தெருவுல பண்ணுற சத்தியத்த நாங்க ஒத்துக்க மாட்டோம்."

"அப்ப அவனுக்குப் பதிலா வைத்தி உள்ள போயி அணைக்கட்டும்."

"புடிச்ச கை ஒண்ணு, அணைக்கிற கை ஒண்ணா? ஏங்க, வைத்திக்கு என்ன தெரியும்? அவரு கரையில உக்காந்து வெள்ளரிக்கா தின்னுக்கிட்டு இருந்தாரு."

கூட்டம் சிரித்தது. வைத்திலிங்கமும் சிரித்துவிட்டார்.

"உள்ள விடுங்க. இல்லாட்டி கோலுன்னு ஒத்துக்கிட்டு, கப்ப எடுத்துக் குடுங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

ஆண்டவர் கோயிலைப் பார்த்தார். திரும்பிக் கரையில் மாலை போட்டு நின்ற கப்பைப் பார்த்தார். மறுபடி கோயிலைப் பார்த்தார். அவர் தாடை அசைந்தது. எதிர்க்கரைக்காரன் எவனோ, "பெரியவருக்கு ஆப்சைடு!" என்று கத்தினான். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அமாவாச, தள்ளு" என்றார் ஆண்டவர் கடைசியில். "அம்மா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். டேய், வா."

செல்லமுத்து படியேறினார். உள்ளே குளுமை. எண்ணெய் வாசனை. திருவிழாவில் தெரு முனையில் நின்று பார்த்த அம்மன் பூக்குவியலுக்குள் பெரிதாகத் தெரிவாள். இங்கே முழங்கால் உயரந்தான் இருந்தாள். இவ்வளவு சின்னவளா? வெள்ளிக் கண் மட்டும் பெரிது. விளக்கு ஆடும்போது அந்தக் கண் அசைவது போல இருந்தது. கண் அசைகிறதா, விளக்கு அசைகிறதா? அவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"டேய், சூடம் எரிஞ்சி போவுது" என்றார் பின்னாலிருந்து ஆண்டவர். மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "மேலன்னு சொல்லு. ஒரு வார்த்த. அவ்வளவுதான்."

ஒரே வார்த்தை. சொன்னால் ஆட்டம் சமம், கப்பு ஊருக்கு, இடம் அவருக்கு. ஒருவேளை அதுவே உண்மையாகவும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. ஆண்டாயியின் வயிறு ஞாபகம் வந்தது. பாதியை வைத்து இந்தக் கண்ணின் முன்னால் என்ன சொல்வது?

"தாயே" என்றார் உரக்க. வெளியே நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "வெரல்ல பந்தும் பட்டிச்சு, கயிறும் பட்டிச்சு. மேல போச்சா கீழ போச்சான்னு எனக்குத் தெரியல. இது சத்தியம்."

உள்ளங்கையால் அடித்துச் சூடத்தை அணைத்தார்.

வெளியிலிருந்து எல்லாச் சத்தமும் சேர்ந்து வந்தது.

"இதச் சொல்றதுக்காடா உள்ள வந்த?" ஆண்டவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீங்கதானுங்களே சாமி கூப்ட்டீங்க."

வெளியே சவரிமுத்து வாத்தியார் விசிலை எடுத்து ஊதினார். கோயில் வாசலில் விசில் சத்தம் கேட்டதும் கூட்டம் அடங்கியது. "அவன் வாக்குதான் முடிவுன்னு சட்டம். தெரியலங்கிறது அவன் வாக்கு. அப்ப ஆட்டம் இன்னும் முடியல. வர்ற ஞாயித்துக்கெழம திரும்ப ஆடுவோம்."

"ஆடலாம்" என்றார் ஆண்டவர். "இவன் வேண்டாம். வைத்தி வெரலு சரியாயிருச்சி."

அமிர்தலிங்கம் வாயைத் திறந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். செல்லமுத்து தரையைப் பார்த்தார். சூடம் பட்ட உள்ளங்கை அப்போதுதான் எரிய ஆரம்பித்தது. மறுபடியும் முள்ளோரம். மறுபடியும் பந்தின் முதுகு.

"அவன் நிக்கலன்னா நாங்க வரல" என்றார் கொளஞ்சியப்பன்.

எல்லோரும் திரும்பினார்கள். "உனக்கு என்னப்பா வந்துச்சி? எங்க ஊரு கோல்ல யாரு நிக்கணும்னு நீ சொல்றியா?" என்றார் ஆண்டவர்.

"திரும்பவும் தகராறு வந்தா வைத்தி உள்ள போயி என்ன சொல்லுவாருன்னு எனக்கு இப்பவே தெரியும். உங்களுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்."

"டேய், டேய்" என்றார் வைத்திலிங்கம். ஆனால் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லமுத்து தோளில் ஒரு மூங்கிலோடு வந்தார். நீளமான, கணு சீராக இருந்த, நேரான மூங்கில். கயிற்றை அவிழ்த்துவிட்டு அதைக் குறுக்கே வைத்துக் கட்டினார். எதிர்க்கோலுக்கு, வாத்தியாரோடு வந்திருந்த ஏலாக்குறிச்சிக்காரர்கள் ஒன்று கொடுத்தார்கள். வைத்திலிங்கம் கரையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று காற்று இல்லை, புழுதி இல்லை. கொளஞ்சியப்பனின் ஊன்றிய கால் நன்றாகத் தெரிந்தது. பெருவிரல் வலது மூங்கிலைப் பார்த்தது. செல்லமுத்து வலது பக்கம் பாய்ந்தார். பந்து வார் கட்டிய பக்கம் தரையில் பட்டு, இடது பக்கம் திரும்பி, அவர் காலுக்கும் மூங்கிலுக்கும் நடுவே மெதுவாக உருண்டு போனது. விழுந்த வாக்கிலேயே அவர் அது போவதைப் பார்த்தார். அப்படியானால் அந்தப் பக்கம் கனம்தான்.

வாத்தியார் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. பழக்க தோஷம், செல்லமுத்துவைப் பார்த்தார். இரண்டு கரையும் அவரையே பார்த்தது.

"கோலுங்க சார்" என்றார். "சூடம் வேணாம்."

அந்த ஒரு கோல்தான். கப்பு உடையார்பாளையம் போயிற்று. ஆண்டவர் தாமே எடுத்துக் கொடுத்தார். மாலையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். ஜனம் கலைந்தது. செல்லமுத்து தனியாக நின்று கட்டை அவிழ்த்து மூங்கிலை இறக்கினார். தோற்றாயிற்று. தோற்ற அன்றோடு சரி என்றுதானே பேச்சு.

ஆண்டவர் கரையேறப் போனவர் நின்றார். திரும்பாமலே பேசினார்.

"அந்த மூங்கில பத்திரமா எடுத்து வையி. அடுத்த மாசிக்கு வேணும்."

"யார் வூட்டுல வைக்கிறதுங்க?"

"கோல்ல நிக்கிறவன் வூட்டுலதான். பந்தல்காரன் கண்ணுல பட்டுராம."

செல்லமுத்து மூங்கிலைத் தோளில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அது அசைந்தது. நடுவில் தொய்கிறதா என்று இரண்டு தடவை இறக்கி வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தொய்ந்தது.